மைக் நின்ற நாள்

ஜனவரி 11

அன்பு அக்கா மகளுக்கு,

மாமன் எழுதுவது. இங்கே முழங்கால் ஒன்றைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் என் பேச்சைக் கேட்கின்றன. உன் பிரஷர் எப்படி இருக்கிறது? மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று டாக்டரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள். அவசரத்தில் அவர்கள் மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

நீ புத்தகம் எழுதுகிறாயாம். 'மறைந்த தலைவரின் துணைவியார் தம் பொதுவாழ்க்கை நினைவுகளை எழுதிவருகிறார்' என்று பேப்பரில் நாலாம் பக்கத்தில் போட்டிருந்தான். முடிவெட்டும் கடையில் அதைச் சத்தமாக வாசித்தேன். மொத்தக் கடையும் வாயடைத்துப் போனது. முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வீட்ல எழுத்தாளர் வேறயா?" என்றார். "எங்க வீட்ல எதுதான் இல்ல?" என்றேன்.

எழுத்து நம் ரத்தத்திலேயே இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம், அதற்கு மேல் எனக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆளில்லை.

ஆகவே ஒன்று சொல்கிறேன். மாப்பிள்ளையின் மேடை வாழ்க்கையில் முப்பத்தைந்து வருஷம் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். வெளியே அவர் தலைவர், வீட்டுக்குள் மாப்பிள்ளை. வெளியே நான் மைக் மாமா, வீட்டுக்குள்ளேயும் மைக் மாமாதான். எந்தத் தேதி, எந்த மைதானம், எத்தனை குழாய் ஸ்பீக்கர் கட்டினோம், எத்தனை லட்சம் பேர், எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. சந்தேகம் வந்தால் என்னைக் கேள். கட்சிக்காரர்களைக் கேட்காதே, அவர்கள் கூட்டிச் சொல்வார்கள்.

போன் செய்யாதே. குழாய்க்கு அடியிலேயே கிடந்த காது. நீ பேசினால் எனக்குக் காற்றடிப்பது போலத்தான் கேட்கிறது. கடிதம் எழுது. என்னைப் பற்றி ஓர் அத்தியாயம் போதும். இரண்டு போட்டால் மற்றவர்கள் வயிறெரிவார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தாய்மாமன்

*

ஜனவரி 27

மாமாவுக்கு வணக்கம்.

மாத்திரை சாப்பாட்டுக்குப் பின்புதானாம், கேட்டுவிட்டேன். நீங்கள் முழங்காலை மடக்கித் தரையில் உட்காராதீர்கள்.

அவர் போய்ப் பதினோரு மாதமாகிறது. மனு கொடுக்க வருகிறவர்களுக்காக முன்கூடத்தில் போட்ட பதினெட்டு நாற்காலியும் அப்படியே வரிசையாக இருக்கின்றன. காலையில் ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன். யாரும் உட்காராத நாற்காலியில் இவ்வளவு தூசி எங்கிருந்து வருகிறதோ. வாசலில் நின்ற காவலரை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அரசாங்க வீடுதானே, மே மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. மிகவும் மரியாதையாக எழுதியிருக்கிறார்கள்.

புத்தகத்தைக் கட்சிப் பதிப்பகம் போடுகிறது. அங்கிருந்து வந்த பதிப்பாசிரியர் தம்பி ஒரு பட்டியல் கொடுத்தார். 'தலைவரின் காலை நேரம்', 'தலைவர் படித்த நூல்கள்', 'தலைவரின் எளிமை'.

"இதுல நான் எங்க தம்பி இருக்கேன்?" என்று கேட்டேன்.

"நீங்கதானேம்மா சொல்றீங்க," என்றார்.

பட்டியலை மடித்து வைத்துவிட்டு, எனக்கு நினைவிருப்பதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். மேடையில் மூன்றாவது நாற்காலி முப்பது வருஷம் என்னுடையதாக இருந்தது. அதிலிருந்து ஒரே ஒரு முறைதான் எழுந்து மைக்குக்கு வந்தேன். ரயில்வே மைதானத்தில், தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு. இருபத்தாறு வருஷமாகிறது. நீங்கள்தான் வந்து ஸ்டாண்டை என் உயரத்துக்கு இறக்கினீர்கள். "வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் தள்ளி நில்லும்மா," என்றீர்கள். நாலு வாக்கியம் பேசினேன். மைக் நின்றுவிட்டது. பிறகு என்னை யாரும் பேசக் கூப்பிடவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

அன்று மைக் ஏன் நின்றது மாமா? அதை மட்டும் எழுதுங்கள்.

நலமாக இருங்கள்.
அக்கா மகள்

*

பிப்ரவரி 5

அன்பு அக்கா மகளுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் முழங்கால் வலி பாதி போய்விட்டது. மீதிப் பாதிக்குத் தைலம் தேய்க்கிறேன்.

கேட்டாயே ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்ல என்னை விட்டால் உலகத்தில் ஆள் கிடையாது. எலி. ரயில்வே மைதானத்து எலியைப் பார்த்திருக்கிறாயா? சரக்கு வண்டியில் வரும் தானியத்தைத் தின்று வளர்ந்தது. பூனை அதைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கும். அப்பேர்ப்பட்ட எலி ஒன்று மேடைக்கு அடியில் போய் மெயின் வயரை ஒரே கடி. நான் பல்லால் வயரைச் சீவி, வெறும் கையால் முறுக்கி, அரை நிமிஷத்தில் சரிசெய்தேன். கரண்ட் என் உடம்பு வழியாகத்தான் போனது என்றால் நீ நம்ப மாட்டாய். அதற்குள் உன்னை உட்காரவைத்துவிட்டார்கள். என் தப்பு இல்லை.

இதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மாப்பிள்ளை ஆற்றுப்பாலம் திறந்ததைப் பெரிதாக எழுது. அன்று நாற்பது குழாய் கட்டினேன். அக்கரையில் மேய்ந்த மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

வேளைக்குச் சாப்பிடு. ஆள் இல்லை என்று சமைக்காமல் இருந்துவிடாதே.
தாய்மாமன்

*

பிப்ரவரி 19

மாமாவுக்கு வணக்கம்.

தைலம் தேய்த்த கையோடு கண்ணைத் தொடாதீர்கள். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எலி இப்போதுதான் வருகிறது மாமா. அந்த வருஷம் என்னிடம் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது என்று சொன்னீர்கள். என் மகன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம் இடி விழுந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் பின்னால்தான் நின்றேன். ஆனால் டீசல் தீர்ந்திருந்தால் மேடை விளக்கு அணைந்திருக்கும். அணையவில்லை. அன்று ஒரு மேகம்கூட இல்லை. அடுத்து அவர் எழுந்து வந்து "நண்பர்களே" என்றார். மைதானத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

நான் என்ன பேசினேன் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஓட்டுக் கேட்டு அரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னேன்: "எனக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினோரு நாள் இருந்தது. பன்னிரண்டாவது நாள் அவர் இருநூறு மைலுக்கு அப்பால் ஒரு மேடையில் இருந்தார். அவருக்குத் தந்தி கொடுக்க வேண்டாம், கூட்டம் கெட்டுவிடும் என்று என்னிடம் சொன்னார்கள்."

அவ்வளவுதான். அத்தோடு நின்றது.

காரில் வீட்டுக்கு வரும்வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. மைக்கை அவர்தான் நிறுத்தச் சொன்னார் என்று எனக்கு அன்றே தெரியும். ஏழாவது அத்தியாயத்தில் அதை எழுதப் போகிறேன். உங்களிடம் யார் வந்து சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்பது மட்டும் எனக்கு வேண்டும்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள்.
அக்கா மகள்

*

மார்ச் 14

அன்பு அக்கா மகளுக்கு,

பதில் தாமதம். காரணம், காதுக்கு மிஷின் வைத்திருக்கிறார்கள். என் காதைச் சோதித்த டாக்டர் தன் கூட வேலை செய்யும் நாலு டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "இப்படி ஒரு காத நாங்க படிச்சதே இல்ல," என்றார்கள். மிஷினும் ஒன்றும் பிரமாதமில்லை. என் வேட்டி உரசுவது கேட்கிறது, எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்து வருகிறேன். பேசுகிற வாய்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் அதுகூட இல்லையே.

உன் விஷயம். பழையதைக் கிளறாதே. மாப்பிள்ளை இப்போது பதில் சொல்லும் இடத்தில் இல்லை. அவர் உன்னை மேடையில் எப்போதாவது ஒரு சொல் கடுமையாகச் சொன்னது உண்டா? பாலத்தை எழுது. பள்ளிக்கூடங்களை எழுது.

இதற்கு மேல் ஒன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

பிரஷரை வாரம் ஒரு முறை பார்த்துக்கொள். வீடு மாறும்போது கனமான பெட்டியை நீயாகத் தூக்காதே. மாப்பிள்ளை படத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போ, கண்ணாடி உடைந்துவிடும்.
தாய்மாமன்

*

மார்ச் 28

மாமாவுக்கு வணக்கம்.

மை தீர்ந்த பிறகும் நாலு வரி நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

காது மிஷினைப் பழகப் பழகச் சரியாகுமாம். கழற்றி வைத்துவிடாதீர்கள்.

இங்கே நேற்று அரசாங்கத்திலிருந்து மூன்று பேர் வந்து வீட்டுச் சாமான்களுக்கு நம்பர் ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த மேசைக்கும் ஒட்டினார்கள். "கொஞ்சம் கைய எடுங்கம்மா," என்றார் ஒருவர். எடுத்தேன். இந்த வாரத்தில் என்னிடம் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஏழாவது அத்தியாயம் முடிந்துவிட்டது. கடைசி வரிகள் இவை: 'என் பேச்சை நிறுத்தியவர் என் கணவர். எப்படி நிறுத்தினார் என்பது எனக்குத் தெரியாது. அவர் வாழ்நாள் முழுவதும் எத்தனையோ பேரைப் பேசவைத்தார். என்னைப் பேசவிடவில்லை.'

பதிப்பாசிரியர் தம்பி இதைப் படித்தார். எடுக்கச் சொன்னார், முடியாது என்றேன். வேறு பதிப்பகம் போட ஒப்புக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதற்குள் நீங்கள் எழுதாவிட்டால், அதையே உங்கள் பதிலாக எடுத்துக்கொள்வேன்.

நலமறிய எழுதுங்கள்.
அக்கா மகள்

*

ஏப்ரல் 6

அன்பு அக்கா மகளுக்கு,

முழங்கால், காது, எல்லாம் எப்படியோ இருக்கின்றன. அவற்றை விடு.

என்னிடம் யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. அது மாப்பிள்ளைக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மேடையில் உள்ளூர்ப் பெரிய மனிதர் யாராவது பிடித்த மைக்கை விடாமல் பேசிக்கொண்டே இருப்பார். உட்காருங்கள் என்றால் மனம் புண்படும், அடுத்த தேர்தலில் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அதனால் மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைப்பார். நான் வால்யூமை இறக்கிவிடுவேன். அந்த ஆள் மைக்கைத் தட்டிப் பார்ப்பார், மிஷின் கோளாறு என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார். யாருக்கும் மனவருத்தமில்லை. முப்பது பேரை இப்படி இறக்கியிருக்கிறோம். முப்பது இல்லை, ஏழு எட்டுப் பேர் இருக்கும்.

அன்று நீ தந்தி என்று சொன்னாய். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்தார். என் கை தானாகப் போயிற்று. இறக்கிவிட்டேன்.

எப்போதும் இரண்டு விநாடியில் எடுத்துவிடுவார். அன்று எடுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தார். தோள் குலுங்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வால்யூம் குமிழ் என் கையில்தான் இருந்தது. ஏற்றியிருக்கலாம். ஏற்றினால் யாரோ இறக்கியது தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அதற்குள் உன்னை நாற்காலிக்கு அழைத்துப் போனார்கள்.

கூட்டம் முடிந்து மேடைக்குப் பின்னால் நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தனியாக வந்தார்.

"மைக் ஏன் மாமா நின்னுச்சு?" என்று கேட்டார்.

"வயரு லூசு மாப்பிள்ள," என்றேன்.

"அவ பேசி முடிக்கட்டும்னுதானே உக்காந்திருந்தேன்," என்றார்.

இதுதான் நடந்தது. அவர் உன்னை நிறுத்தவில்லை. நிறுத்தியது நான்.

மாத்திரையை மறக்காதே.
தாய்மாமன்

*

ஏப்ரல் 14

மாமாவுக்கு,

டீசல், இடி, எலி, இப்போது கைக்குட்டை.

அம்மா போனபோது நான் வந்து சேர முடியவில்லை. நீங்கள் எழுதினீர்கள், கடைசி நேரத்தில் அம்மா என் பெயரைச் சொல்லிச் சிரித்தாள் என்று. மூன்று நாளாக அவளுக்கு நினைவே இல்லை என்று பிறகு நர்ஸ் சொன்னார். அப்போது உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்காகத்தானே சொன்னார் என்று விட்டுவிட்டேன்.

இப்போது விட முடியாது. நான் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காக நீங்கள் தைத்துக் கொடுத்த கதையா இது? அவர் அழுதார், நான் பேசட்டும் என்று காத்திருந்தார் என்பதெல்லாம் நான் கேட்க ஆசைப்பட்டதைப் போலவே இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

ஒருவரிடமும் இப்படிக் கேட்டதில்லை. உண்மையா மாமா?

அக்கா மகள்

*

ஏப்ரல் 19

அக்கா மகளுக்கு,

வழக்கம் உண்மை. கைக்குட்டை உண்மை. இறக்கியது நான் என்பது உண்மை.

நான் மேடையிலிருந்து முப்பது கெஜம் தள்ளி இருந்தேன். தோள் குலுங்கியது போல இருந்தது. வியர்வை துடைத்திருந்தாலும் அங்கிருந்து அப்படித்தான் தெரியும். என்னை நிறுத்தச் சொல்லித்தான் எடுத்திருந்தாலும் அதுவும் அப்படித்தான் தெரியும். என்னால் சொல்ல முடியவில்லை.

மேடைக்குப் பின்னால் வந்தது உண்மை. "மைக் ஏன் நின்னுச்சு?" என்று கேட்டது உண்மை. "வயரு லூசு," என்றேன். "சரி," என்று சொல்லிவிட்டுப் போனார். நீ பேசி முடிக்கட்டும் என்று சொன்னதாக எழுதினேனே, அதை அவர் சொல்லவில்லை. நான் சேர்த்தது. எழுதிக்கொண்டு வரும்போது சேர்ந்துவிட்டது.

என்னை எல்லோரும் தலைவரின் மைக் என்று சொல்வார்கள். அவர் வீட்டுப் பெண் பேச்சையே நிறுத்திவிட்டான் என்று வெளியே தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று அப்போது பயம். பிறகு இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்று பயம்.

அக்கா சிரிக்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்திருந்தது.

தாய்மாமன்

*

மே 12

அன்பு அக்கா மகளுக்கு,

உன் கடிதம் வரவில்லை. தபால்காரரிடம் கேட்டேன். மூன்று வாரமாகக் கேட்கிறேன். இப்போது என்னைப் பார்த்தால் அவர் தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார், பேசினாலும் எனக்குக் கேட்காது என்று தெரியும்.

புத்தகம் அச்சுக்குப் போயிருக்கும். நீ முதலில் எழுதியபடியே வந்திருந்தாலும் நான் யாரிடமும் ஒன்றும் சொல்ல மாட்டேன். நான் செய்ததை எழுதினாலும் எழுதிக்கொள். முடிவெட்டும் கடையில் இப்போது நான் ஒன்றும் பேசுவதில்லை. என்ன, உடம்பு சரியில்லையா என்று சைகையில் கேட்கிறார்கள்.

வீடு மாறிவிட்டாயா? புது விலாசம் தெரியாததால் பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன். பிரஷர் எப்படி? ஒரு வரி போதும்.

தாய்மாமன்

*

ஜூன் 3

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், அடித்துத் திருத்திய விலாசத்தோடு இங்கே வந்தது. பிரஷர் கொஞ்சம் கூடுதல்தான், மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். புது விலாசம் பின்னால் இருக்கிறது. மூன்றாவது மாடி, இரண்டு அறை. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களுக்கு நான் யார் என்று தெரியாது. ஒரு பெண்மணி, "புதுசா வந்திருக்கீங்களா? எந்த வீடு?" என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவு எளிதாக இருந்தது.

உங்களை நம்புகிறேன். நீங்கள் சொன்ன எந்தக் கதையிலும் இதுவரை உங்கள் தப்பு என்று ஒன்று வந்ததே இல்லை. அதனால் நம்புகிறேன். இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். அதை மறைக்கவில்லை. அதில் பாதி உங்கள் மேல். மீதியை யார் மேல் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தந்தி கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தது அவர்தான் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை என்றால், அந்த நாலாவது வாக்கியத்தை அன்று அவரும் முதல் முறையாகக் கேட்டிருக்கிறார். இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

குமிழை நீங்கள் இறக்கினீர்கள், சரி. வீட்டில் ஏது மைக்? சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இருபத்தைந்து வருஷம். அவருக்கு மோர் வேண்டுமா என்று கேட்டேன், சட்டை எது என்று கேட்டேன், எத்தனை மணிக்குக் கார் என்று கேட்டேன்.

அச்சுக்குப் போகும் முன் ஏழாவது அத்தியாயத்தைத் திரும்ப வாங்கி மாற்றி எழுதினேன். 'மைக் நின்றது. என் கணவர் முகத்தில் கைக்குட்டை இருந்தது. மைக்கை நிறுத்தியவர் என் மாமா.' இவ்வளவுதான் இருக்கிறது. உங்களுக்கு வருத்தமாக இருந்தால் எழுதுங்கள், ஆனால் மாற்ற மாட்டேன்.

புதுப் பதிப்பகத்துத் தம்பி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"அழுதாரா, நிறுத்தச் சொன்னாரா, ஒண்ணு தெளிவா சொல்லிடுங்கம்மா. படிக்கிறவங்க கேப்பாங்க," என்றார்.

"கேக்கட்டும் தம்பி," என்றேன். "நான்தான் கேக்கல."

காது மிஷினைப் போட்டுக்கொண்டு முடிவெட்டும் கடைக்குப் போய்வாருங்கள் மாமா.

அக்கா மகள்